தெளிவில்லை

ஊர் எல்லையில் நீலப் பலகை நட்ட அன்று
நான் கோயில் மணி அடிக்கவில்லை.
கயிறு கையில் இருந்தது. அவ்வளவுதான்.

ஆளுயரம் தாண்டிய பலகை.
மது கூடாது, ஆபாசப் படம் கூடாது.
இங்குள்ள ஆண்கள் அத்தனை பேர் நெற்றியிலும்
ஒரே பகலில் ஒரே எழுத்து.
பள்ளி வேன் ஓட்டும் கிளாரன்ஸ்
அன்றிலிருந்து பின்பக்க மண்பாதையில்தான் வருகிறார்.
பிள்ளைகள் பலகையை
எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார்களாம்.

"பூசைக்கு வைத்திருக்கும் ஒயின்?" என்றேன்.
"இந்தச் சட்டம் உங்களுக்கில்லை, சிஸ்டர்,"
சிரித்தார் போலீஸ்காரர்.
அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.
வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது
அவர் ஜீப்பின் செம்புழுதி அடங்கிய பிறகுதான்.

தலையீடு என்று பெயர் வைத்தார்கள்.
தலையை எங்கே இட்டார்கள், நான் பார்க்கவில்லை.
முதலில் வந்தது பூட்ஸ்.
அப்புறம் படிவம்.
அப்புறம் உதவித்தொகையில் பாதியை
விழுங்கி வைத்துக்கொள்ளும் பச்சை அட்டை.
லொரெய்ன் கெமார அதை நீட்டியபோது
"இதற்கு வேறு வரிசை" என்றாள் கடைக்காரப் பெண்.
பின்னால் நின்ற என் ஐம்பது டாலர் தாளுக்கு
எந்த வரிசையும் தேவைப்படவில்லை.

எழுதுவோம் என்று கூடினோம்.
நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டி வந்த லூத்தரன் போதகர்,
தெற்கிலிருந்து இரண்டு க்வேக்கர்கள்,
ஃபேக்ஸில் மட்டும் வந்த ஒரு ரபி.
தகரக் கூரையின் கீழ் நான்கு மணி நேரம்
நீதியைப் பற்றி ஆறு பக்கம்.
பூர்வகுடி மக்களின் சார்பாக, என்று தொடங்கியது.

லொரெய்ன் அந்த வரியில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.
"என் அம்மாவை ஏற்றிப் போன லாரிக்கு
பெட்ரோல் போட்டது யார்?"

மிஷன் பேரேடு அலமாரியில்தான் இருந்தது.
மாவு எட்டு மூட்டை. தேயிலை ஒரு பெட்டி.
சிறுமி ஒன்று, அனுப்பப்பட்டது.
வளைந்து வளைந்து ஓடும் அழகான கையெழுத்து.
எங்கள் சபைக் கையெழுத்து.
பதினெட்டு வயதில் எனக்குப் பழக்கியதும் அதுதான்.

இந்தப் பக்கம் முதலில் போகட்டும் என்றார் லொரெய்ன்.
"நம் வாதம் பலவீனமாகிவிடுமே" என்றார் போதகர்,
நல்ல மனிதர், கண்ணாடியைத் துடைத்தபடி.
"அது உங்கள் வாதம்."

அந்தப் பக்கம்தான் முதலில் போனது.

விசாரணைக் குழு கூடைப்பந்துக் கொட்டகையில் உட்கார்ந்தது.
ஈக்கள். ஒரு மின்விசிறி. ஆளுக்கு ஏழு நிமிடம்.
என் ஏழு நிமிடத்தில் நான் பேரேட்டைப் படித்தேன்,
மாவையும் தேயிலையையும் விடாமல்.
லொரெய்ன் தன் மொழியில் பேசினார்.
மொழிபெயர்ப்பாளருக்கு இன்னும் அனுமதி வரவில்லை.
கிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.
வெளியே நாய்கள்கூடப் படுத்துவிட்டன,
அல்லது வெயிலாக இருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து எழுத்துப் பிரதி வந்தது.
நான் சொன்னது இரண்டு பக்கம், இருமல் உட்பட.
லொரெய்ன் கெமாரவின் பெயருக்கு நேரே
ஒரே சொல்:
தெளிவில்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
"சொல்லுங்கள், எழுதித் திருப்பி அனுப்புகிறேன்."
அவர் அடுப்பில் கங்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்.
பேனாவைப் பார்த்தார், பிடித்த விரல்களைப் பார்த்தார்.
"இருக்கட்டும். எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது."

தேநீர் தந்தார். சர்க்கரை இல்லை,
அட்டையில் வெள்ளிக்கிழமைதான் பணம் ஏறும்.

நாளை அடுத்த கடிதம்.
முதல் வரி அவர் சொல்வார்.
டைப் அடித்தால் போதுமாம் நான்,
கையால் எழுத வேண்டாமாம்.