பதினேழாம் பாடக்குறிப்பு

வகுப்பு: ஐந்து.
பாடம்: சமூக அறிவியல்.
தலைப்பு: நம் மாநிலத்தின் எல்லைகள்.
நேரம்: நாற்பது நிமிடம்.
மாணவ ஆசிரியர்: கி. முனிரத்னா.
கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
‘எல்லைகளைச் சுட்டிக் காட்டுவர்’ என்று எழுதி
சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.
ஸ்கேலைப் பஸ்ஸில் விட்டிருந்தேன்.

கணக்கு எடுத்தவர்களுக்கு மணிச்சட்டம்,
அறிவியல் எடுத்தவர்களுக்குக் காந்தம்.
“சோசியலா? மனப்பாடம்தானே” என்றாள்
விடுதியில் பக்கத்துக் கட்டில் ஷம்ஷாத்.
இரவு பதினொன்றுக்கு
சார்ட் அட்டையில் தமிழ்நாட்டை வரைந்து
கன்னியாகுமரிக்குக் கூர் வைக்கத் தெரியாமல்
மூன்று முறை அழித்தபோது
ரப்பர் கொடுத்ததும் அவள்தான்.

வேப்பனப்பள்ளி தாண்டி இறக்கிவிட்டார்கள்.
பிளந்த கருங்கல் பலகைகளை நட்ட வேலி,
அதற்குள் இரண்டு அறை.
நாலும் ஐந்தும் சேர்த்துப் பதினாறு பேர்.
வடக்கு ஜன்னலில் வைத்த கைப்பேசி
கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்றது.
நான் நின்றது
தமிழ்நாட்டு அரசின் சிமெண்ட் தரையில்.

கடைசியில், குழந்தைகள் நாற்காலியில்
முழங்கால் மடங்காமல் உட்கார்ந்திருந்தார் விரிவுரையாளர்.
மடியில் மதிப்பீட்டுத் தாள்.
ஆர்வமூட்டல் ஐந்து, வினாத் தொடுத்தல் ஐந்து,
உச்சரிப்பு ஐந்து.
உச்சரிப்புக்குத்தான் பயம்.
வீட்டில் நாங்கள் தெலுங்கு.
ஒரு மாதம் குளியலறைக் கண்ணாடி முன்
நாக்கை மடித்து மடித்து
கிழக்கு, கிழக்கு, கிழக்கு.
வாளி வழிந்துகொண்டே இருந்தது.

“கிழக்கே வங்கக் கடல். வடக்கே?”
நவ்யஸ்ரீ ஆந்திரா என்றாள்.
மிக நன்று என்றேன்; அது வலுவூட்டல்.
மேற்கே கேரளா, வடமேற்கே கர்நாடகா.
குச்சி ஒழுங்காக நகர்ந்தது.
நாலாம் வகுப்புப் பக்கமிருந்து,
அவனுக்கு இந்தப் பாடமே இல்லை,
திம்மராஜ் எழுந்தான்.

“மேடம், கீத ஏட உந்தி?”

விரிவுரையாளர் நிமிர்ந்தார்.
திருநெல்வேலிக்காரர்.
கீதைக்கும் இதற்கும் என்ன என்று நினைத்திருப்பார்.
கோடு எங்கே இருக்கிறது என்கிறான் பையன்.
அவன் வீட்டு மாடு தினமும் அதைத் தாண்டுகிறதாம்.
ரேஷன் கடை இந்தப் பக்கம்.
பெரியம்மா வீடு அந்தப் பக்கம்,
அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான்.
மாந்தோப்பில் பார்த்தான், ஏரிக்கரையில் பார்த்தான்,
என் சார்ட்டில் இருக்கும் கறுப்புக் கோட்டைக்
காணோம்.
மாடு மிதித்து அழிந்திருக்குமா?

எதிர்பார்க்கும் விடைகள் என்ற கட்டத்தில்
இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
வாயில் வந்தது தெலுங்கு.
“நேல மீத லேது ரா. காகிதம் மீத உந்தி.”
தரையில் இல்லைடா, காகிதத்தில் இருக்கிறது.
பதினாறு முகமும் என்னைப் புதிதாகப் பார்த்தன.
பிறகு ஒருவரும் அடங்கவில்லை.
ஏரித் தண்ணீர் யாருக்கு என்றாள் ஒருத்தி.
அக்கா அங்கே ஓட்டுப் போட்டால்
விரலில் வேறு கலர் மையா என்றான் ஒருவன்.
திம்மராஜ் உட்காரவே இல்லை.
“சரி, யார் போட்டது?”

தெரியாது என்றேன்.
படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.
மணி அடித்தது.
கரும்பலகைச் சுருக்கம் எழுதவில்லை.

உச்சரிப்புக்கு நான்கு.
வினாத் தொடுத்தலுக்கு இரண்டு:
‘வினாக்களை மாணவரே கேட்டனர்.’
கீழே, ‘வகுப்பறையில் தமிழ் மட்டும்.’
பஸ் நிறுத்தத்தில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து
எலுமிச்சை சாதத்தில் பாதியை என் மூடியில் வைத்தார்.
தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாயா என்றார்.
படிக்கிறேன் சார்.
எங்கள் தெருவில் அதை எழுதித் தேறியவள்
ஒசூரில் செல்போனுக்குத் திருகாணி முடுக்குகிறாள்.
அதைச் சொல்லவில்லை.

நூலகம் எட்டு மணிக்கு மூடும்.
மொழிவாரி மாநிலங்கள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு.
ஆணையம், அறிக்கை, சட்டம், எல்லாம் இருக்கிறது.
பேனா பிடித்தவன்
எங்கள் ஏரிக்கரைக்கு வந்தானா என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்களன்று அதே வகுப்பு.
பதினெட்டாம் பாடக்குறிப்பில்
பெயரும் நேரமும் எழுதிவிட்டேன்.
கற்றல் விளைவு காலியாகக் கிடக்கிறது.
ஸ்கேல் இன்னும் வாங்கவில்லை.