கூடுதல் நகல்

பாலிடெக்னிக் பையன் ஒருவனின் ரெக்கார்டு நோட்டில்
ஒரு பக்கம் இரண்டு தடவை விழுந்துவிட்டது.
அதற்குக் காசு கேட்க முடியாது.
மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன்:
நீர்மட்டம் அறிவிக்கும் சுற்று, படம் மூன்று.

செல்லூரில் எங்கள் காம்பவுண்டுக்குத் தண்ணீர்
ராத்திரி ஒன்றரைக்கும் வரும், நாலுக்கும் வரும்,
வராமலும் இருக்கும்.
ஏழு குடித்தனம், ஒரே குழாய்.
கண்ணயர்ந்தவள் வீட்டில்
மறுநாள் முகம் கழுவுவதே கணக்குப் பார்த்துத்தான்.

டவுன்ஹால் ரோட்டில் டிரான்சிஸ்டர் மூன்று ரூபாய்.
"நாலா வாங்கிக்கங்க,
எப்படியும் ஒண்ணு ரெண்டு போயிரும்" என்றார் கடைக்காரர்.

முதலில் அது இல்லாமலே செய்து பார்த்தேன்.
பேட்டரி, பஸ்ஸர், இடையில் ஒரு டம்ளர் தண்ணீர்.
மூச்சுப் பேச்சில்லை.
தண்ணீர் ஏதோ சொல்லத்தான் சொல்கிறது,
பஸ்ஸருக்கு அது எட்டவில்லை.

பிறகு இதை வைத்தேன்.
தட்டை முகம் என்னைப் பார்க்க,
இடது கால் கலெக்டர், வலது கால் எமிட்டர்.
நடுக்காலில் துளி மின்சாரம் பட்டால்
பக்கத்து இரண்டுக்கும் வழி திறக்குமாம்.
கம்பி முனைகள் தற்செயலாய் உரசின.
விரலைச் சுட்டுவிட்டு
ஒரு சத்தமும் போடாமல் செத்தது முதலாவது.

மறுநாள் அந்தப் பையன் நோட்டோடு வந்தபோது
படத்தை மறுபடி பார்த்தேன்.
நடுக்காலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர்.
பழுப்பு, கறுப்பு, சிவப்பு: ஆயிரம் ஓம்.
அந்த ஓரத்தை வெட்டியது என் மெஷின்தான்.

ராத்திரி இரண்டு மணி.
குழாயடியில் வாளி, வாளிக்குள் இரண்டு கம்பி.
ஈரக்கையால் இரண்டையும் தொட்டேன்.
கொசு மாதிரி, ஆனால் கேட்கிற மாதிரி, கத்தியது.

பவுன்தாய் குடத்தோடு நின்றிருந்தாள்.
பங்குனியில் என் குடத்தை நகர்த்தி வைத்ததிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
குடத்தை இறக்கினாள்.
ஒரு கம்பியை என் விரலிலிருந்து உருவி
தானே பிடித்துக்கொண்டாள்.
சத்தம் நின்றது.
அடுத்த கையை முந்தானையில் துடைக்கப் போனவள்
என்ன நினைத்தாளோ,
துடைக்காமலே நீட்டினாள்.

பிடித்தேன்.
முன்னைவிடச் சன்னமாய்,
அறுந்துவிடும் போல இழுத்து இழுத்து,
எங்கள் இருவர் வழியாகவும் போய்த் திரும்பி
அது கத்தியது.
நாலாம் நம்பர் வீட்டில் விளக்கு எரிந்தது.
"வந்துருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

நாங்கள் பதில் சொல்லவில்லை.
கையை விட்டதும் அவரவர் குடத்தைப் பார்த்தோம்.
அன்றைக்குத் தண்ணீர் வரவேயில்லை.

இன்னும் இரண்டு டிரான்சிஸ்டர்
மிச்சம் இருக்கிறது.