நாற்பத்தெட்டு வோல்ட்

ஒலிவாங்கியின் அடியில் மூன்று முள்.
மடிக்கணினியின் விலாவில் ஒரே ஒரு துளை.
இடையில்
துறைமுகக் கடையில் வாங்கிய மலிவான இணைப்பான்,
இரு தரப்பின் பேச்சும் புரியாத
தரகனைப்போல.

"கமர்ஜோபா" என்றேன், ஊருக்கே சொல்லும் வணக்கம்.
திரையில் கோடு படுத்தே கிடந்தது.
"ஏய்" என்றேன்.
படுத்தே கிடந்தது.

வெள்ளிக்குள் நாற்பத்தொரு நிறுத்தங்களின் பெயர்களைப்
பேசி அனுப்பவேண்டும் நான்.
பத்தூமிப் பேருந்துகள் அத்தனையிலும்
இனி என் குரல்தான்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பேனா மட்டும்
இதுவரை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

மேல்மாடி ஜும்பேர் வந்தான்,
கல்யாணங்களில் பாட்டுப் போடுகிறவன்,
செங்கல் அளவுப் பெட்டியொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"பட்டினி போட்டு வேலை வாங்குகிறாயே, லமாரா."
பெட்டியில் ஒரு பொத்தான், அதன்மேல் நாற்பத்தெட்டு.
அழுத்தினான்.
சிவப்பாய் ஒரு பொட்டு எரிந்தது.

அப்புறம்தான் தெரிந்தது
என் அறை எவ்வளவு பேசுகிறது என்று.
குளிர்பெட்டி. குழாய். பால்கனித் தகரத்தில் மழை.
நான் எச்சில் விழுங்குவது
கிணற்றில் கல் விழுவதுபோல்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ம்ம்ம்ம் என்று ஒரு முனகல்,
நான் வாயைத் திறக்குமுன்பே
யாரோ உம் கொட்டத் தொடங்கியதுபோல.

குளிர்பெட்டியை நிறுத்தி
என் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்தான்.
"திரும்பப் போட மறந்தால் நாளைக்கு நீ வெளியே போகமுடியாது."
முனகல் போகவில்லை.
மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினான்.
போனது.

பேட்டரியில் பதினேழு சதவீதம்.
மழை வேறு.
கம்பளியைத் தலைமேல் இழுத்துப் போர்த்தி
காத்திருந்தேன். பதினாறு. பதினைந்து.
ஜும்பேர் மூச்சைத் தவணைமுறையில் விட்டான்.
தகரம் சட்டென்று ஓய்ந்தது.

அடுத்த நிறுத்தம், மீன்சந்தை.
அடுத்த நிறுத்தம், மகப்பேறு மருத்துவமனை.
அடுத்த நிறுத்தம், பழைய கலங்கரை விளக்கம்.

நாற்பத்தொன்றும் முடிந்தபோது மூன்று சதவீதம்.
சாவி மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.
பாலாடைக்கட்டி வியர்த்திருந்தது.
மீனை மூக்கைப் பொத்திக்கொண்டு எறிந்தேன்.

இப்போது ஏழாம் எண்ணில் வேலைக்குப் போகிறேன்.
நான் சொன்னதும் இறங்குகிறார்கள்,
ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
தாவரவியல் பூங்காவுக்கு மட்டும்
என் குரலுக்குப் பின்னால், உற்றுக் கேட்டால்,
கம்பளிக்கு வெளியே ஒருவன்
தும்மலை அடக்குகிறான்.

திருப்பிப் பேசியிருக்கலாம்.
சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.