தின்னாத உப்பு

காப்பி ஒரு டாலர் பத்து சென்ட்.
ஆலைக்காரர்களுக்கு அது இலவசம்;
என் கல்லா சாப்பாட்டுக்கு மட்டும்தான்.
ரெனாட்டா குச்சேரா எண்ணி வைப்பாள்:
ஒரு தாள், ஒரு சின்னக் காசு.
ரசீது கேட்பாள்.
எந்திரம் மக்கர் செய்த நாளில்
காகிதக் கைக்குட்டையில் எழுதி வாங்கிப் போனாள்.

கஞ்சமா, கர்வமா என்று
முதல் வருடம் பந்தயம் கட்டினோம்.

ஆலையில் இருக்கிறாள், ஆலைக்காரி அல்ல.
சம்பளம் வாஷிங்டனிலிருந்து வருகிறது.
எல்லாக் கதவும் திறக்கும் ஓர் அட்டை உண்டு அவளுக்கு.
எந்த மேசையிலும் நாற்காலி கிடையாது.

வெண்டல் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினோம்.
கை தட்டினாள்.
கிரீம் ரோஜா வைத்த துண்டை நீட்டினேன்.
"அழகாக இருக்கிறது, மார்வெல்" என்று
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மிசௌரி ஆற்றின் இந்தக் கரையில்
இந்த ஆலையின் உப்பைத் தின்னாத வாய் இல்லை.
தேவாலயக் கூரை, நூலகம்,
கால்பந்து மைதானத்து விளக்குகள்,
நான் பல் கட்டிய செலவு
எல்லாம் அந்தக் குவிமாடம் போட்ட சோறு.
உப்பிட்டவரை நினைக்க
எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
நாக்கே நினைத்துக்கொண்டது.

அவளுடைய ஐந்தாவது ஏப்ரல்.
எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தியிருந்தார்கள்.
ஏணியில் ஏறி, முழங்கை இடிக்கும் இடுக்கில்
விளக்கைத் திருப்பி
ஒரு குழாயின் கழுத்தைப் பார்த்தாள்.
அங்கே உப்பு.
சோளப்பொரி போல் வெடித்து, வெள்ளையாக.
ஓரத்தில் மட்டும் துருவின் செம்மை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்
மதியம் மூன்று மேசைகளிலும் அதே பேச்சு.
"போரான்தானே, துடைத்தால் போகும்.
போன தடவையும் துடைத்தோமே."
போன தடவையும்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப் ஆறிப்போனது.

துடைக்காதீர்கள், என்றாள்.
எங்கிருந்து வருகிறது, காட்டுங்கள், என்றாள்.
கத்தவில்லை. தேதி போட்டு
ஒரு தாளில் எழுதினாள், அவ்வளவுதான்.

பதினேழு நாள் உலை எரியவில்லை.
ஒரு நாளுக்கு எத்தனை லட்சம் நட்டம் என்று
கழிப்பறைச் சுவரில் யாரோ கணக்குப் போட்டார்கள்.
போனஸ் போயிற்று.
படகுக்கு என் மருமகன் ட்ராய் கொடுத்த முன்பணம் போயிற்று.
மளிகைக் கடை வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும்
ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.
அவள் மகனை ஒரு பிறந்தநாளுக்கும் யாரும் அழைக்கவில்லை.
நானும்தான்,
சில்லறையைக் கையில் தராமல்
மேசையில் வைத்தேன்.

பிறகு அந்தக் கழுத்தை வெட்டி எடுத்தார்கள்.
ட்ராய்தான் சொன்னான், இரவில், பியரைத் திறக்காமல்:
உப்புக்கு அடியில் இரும்பு இல்லை.
சுண்டுவிரல் நுழையும் பள்ளம்.
மிச்சம் நின்றது
ஒரு காசின் கனம்.

எந்தக் காசு என்று நான் கேட்கவில்லை.

உள்ளூர்த் தாளில் நான்கு வரி வந்தது, பன்றி விலைக்குக் கீழே.
நடக்காத ஒன்றை எப்படிப் படம் பிடிப்பது?

ஏழு வருடம் முடிந்தால் ஊர் மாற்றிவிடுவார்கள்.
அதுவும் சட்டம்தான்.
பழகிய கண்ணுக்கு உப்பு
சுவரின் நிறமாகிவிடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை
வீட்டில் சுட்ட கொலாச்சி ஒன்றை, பிளம் வைத்தது,
விலைச்சீட்டு ஒட்டாமல் கண்ணாடிக்குள் வைத்திருந்தேன்.
"எவ்வளவு?" என்றாள்.
தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு
எழுபத்தைந்து சென்ட் என்றேன்.
எண்ணி வைத்தாள்.
நின்றபடியே, என் கண்ணெதிரே,
விரலில் ஒட்டிய துணுக்கு உட்பட
தின்று முடித்தாள்.

திங்கட்கிழமை புதிய ஆள் வந்தான்.
பெயர் இன்னும் என் வாயில் நிற்கவில்லை.
கோப்பையை எடுத்தான்.
ஒரு டாலர் பத்து, என்றேன்.
ரசீது வேண்டுமா, என்றேன்,
வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று
பயந்துகொண்டே.