பதினேழு புள்ளி ரெண்டு

கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில்
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
தையில் வரும் வேலை, சித்திரையில் போய்விடும்.
மேசைமேல் ஈரமானி.
பதினேழுக்குள் நின்றால் மூட்டை தராசுக்கு.
நின்றால்தான்.

தியாகேசன் இன்று நாலாம் நாள் ஆடுகிறான்,
வடக்கே, அம்மா வாயில் நுழையாத ஊரில்.
நூற்றுப் பத்துப் பேர். முதல் முப்பது பேருக்குக் கார்டு.
அம்மாவுக்கு விளங்க ஒரு வாரம் ஆனது.
ரேஷன் கார்டா? இல்லை.
ஆதாரா? அதுவும் இல்லை.
வருஷம் முழுக்க நடக்கிற போட்டிகளுக்குள்
காசு கட்டி ஆட விடுகிற கார்டு.
"காசும் கட்டணுமா?" என்றாள்,
ஏலச்சீட்டை எடுத்துத் தந்தவள்.

கோயம்புத்தூரில் பை தூக்கப் போனவன்
பையிலிருந்த மட்டையை எப்போது எடுத்தான் என்று
எங்களில் யாரும் பார்க்கவில்லை.
போன மாசி அறுப்பு முடிந்த தாளடியில்
வெண்ணாற்றுக் கரையைக் குறிவைத்து அடித்தான்.
பதினொரு பந்து ஆற்றோடு போயிற்று.
அப்பா எண்ணிக்கொண்டே நின்றார்:
"ஒரு பந்து ரெண்டு மரக்கா நெல்லுடா."

இழுப்பறை பாதி திறந்திருக்கிறது, உள்ளே செல்போன்.
பன்னிரண்டாம் குழிவரை இருபத்தாறாம் இடம்.
பதிமூன்றில் ஒரு அடி கூடிவிட்டது.
நான் சணலை எண்ணுகிறேன், சாக்கை எண்ணுகிறேன்,
எண்ணியதையே மறுபடி எண்ணுகிறேன்.

சந்திரகாசு நெல்லோடு வந்து ஆறு நாள்.
கையளவு எடுத்துப் போட்டேன்.
பதினேழு புள்ளி ரெண்டு.
"புள்ளி ரெண்டுதானம்மா."
புள்ளிக்குப் பின்னால் உள்ளதை
என் பேனா மறந்தால் போதும்.
இழுப்பறையில் தம்பி முப்பத்தொன்று.
"காய வைங்க" என்றேன்,
அவர் முகத்தைப் பார்க்காமல்.

கோபம் வந்திருக்கும். காட்டவில்லை.
தார்ச்சாலையில் நெல்லைக் காலால் கோடு கிழித்துக்கொண்டே
"அதுல என்ன, அடிக்கொருதரம் பாக்குறே?" என்றார்.
சொன்னேன்.
குறைய அடிக்கிறவன் ஜெயிக்கிறானா என்று
ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார்.
"அப்ப ஈரப்பதம் மாதிரி."
சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை,
வீட்டுக்குப் போனபிறகு வந்தது.

ஆறு மணிக்குமேல் கூப்பிட்டான்.
காலையில் மூடுபனியால் ஆட்டம் பிந்திப்போச்சாம்.
"கடைசிக் குழி, நாலடி தூரம்கா.
கை நடுங்கல. ஓரத்துல சுத்திட்டு
வெளிய வந்து நின்னுடுச்சு."
இருபத்தெட்டுப் பேர் உள்ளே.
மிச்சம் ரெண்டு இடம்.
அதற்கு ஒரே கணக்கில் ஐந்து பேர்.
இருட்டிவிட்டதால் நாளை ஆறே முக்காலுக்கு.
"சாப்பிட்டியா?" என்றேன்.
வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.
"பனி பெய்யுதுக்கா. புல்லு ஈரமா இருந்தா
பந்து உருளாது, பாதியில நின்னுடும்."

ராத்திரி எட்டரை இருக்கும்,
டார்ச்சோடு சாலைக்கு வந்தேன்.
சந்திரகாசு குவித்த நெல்மேல் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்.
ஒரு முனை காற்றில் எழுந்து எழுந்து அடித்தது.
நான் அதைப் பிடித்துச் செங்கல் வைத்தேன்.
"உள்ள போ தாயி, தலையில பனி எறங்கும்."
"ஏழு மணிக்கே மீட்டர் வைக்கிறேன்" என்றேன்.
"உன் தம்பிக்கு எப்ப?"
"ஆறே முக்காலுக்கு."
"அப்ப அவனத மொதல்ல பாத்துட்டு வா" என்றார்,
பாயின் அடுத்த முனையை இழுத்தபடி.