அறுபத்து நான்காவது வரிசை

இரவு ஒன்பது ஐம்பதுக்கு அழைப்பு.
"மிஸ், அலகு இரண்டு திறக்குதில்லை."
அனலைதீவிலிருந்து, யசிந்தா.
பின்னால் கடல் இரைகிறது, அல்லது
அது எங்கள் சேர்வர் அறையின் ஏசியாக இருக்கலாம்;
திருநெல்வேலியில் இந்த நேரத்தில்
இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

புள்ளிவிபரவியல், இணையவழிப் பரீட்சை,
நாற்பது கேள்வி, நள்ளிரவோடு பூட்டு.
திரையில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன்.
"இப்பக்கத்தைப் பார்க்க
உங்களுக்கு அனுமதி இல்லை எண்டு, மிஸ்."
நிதானமாக வாசித்தாள்,
யாரோ தனக்கு எழுதின கடிதத்தைப் போல.

முதலில் எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன்.
வெளியில போய்த் திரும்ப உள்ள வாங்கோ.
சேமிச்சு வைச்சதை எல்லாம் அழியுங்கோ.
"படங்களையுமா மிஸ்?"
இல்லை, படம் இருக்கட்டும்,
பிரவுசரில இருக்கிறதை மட்டும்.

புதிய கடவுச்சொல் கொடுத்தேன்.
தொலைபேசியில் ஆங்கில எழுத்துக்கு
எங்களிடம் ஓர் அரிச்சுவடி உண்டு:
கே, காரைநகர். எம், மண்டைதீவு.
பி, புங்குடுதீவு. அதற்குப் பிறகு,
"ஓவா மிஸ், பூச்சியமா?"
பூச்சியம்.
ஓ என்றால் ஒட்டகப்புலம் என்றிருப்பேனே.

நுழைந்தாள்.
நுழைந்தும் அதே வரி.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், என்ர ஃபோன் பழசு."
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இஞ்ச சிக்னல் இப்பிடித்தான்."
ஜெற்றி வரைக்கும் நடந்து போனாளாம்,
அங்கே இரண்டு கோடு கூட.
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், டேற்றா முடியப்போகுது."
ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன்.
ஓம், பழைய ஃபோன் எண்டால் அப்பிடித்தான்.
ஓம், தீவுப் பக்கம் கஷ்டம்தான்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு
வேறு எதையோ தேடப்போய்
மார்ச் மாதம் நான் ஏற்றிய பெயர்ப்பட்டியலைத் திறந்தேன்.
அறுபத்து மூன்று பெயர்.
பீடம் அனுப்பிய எக்செல் தாளில் அறுபத்து நான்கு.
கடைசி வரிசைக்கு முன்னே
என் சுட்டி நின்றிருக்கிறது.
அன்று கரண்ட் போனதா, தேத்தண்ணி வந்ததா,
ஞாபகம் இல்லை.
வை எழுத்தில் தொடங்கும் பெயருக்கு
எந்த இடாப்பிலும் கடைசி இடம்.

ஓர் அழுத்து. சேர்ந்துவிட்டாள்.
"திறந்திட்டுது மிஸ்!"
எங்கட பக்கம் ஒரு சின்னப் பிழை, என்றேன்.
எங்கட.
அந்தச் சொல்லுக்குள்
வளாகம் முழுவதும் நிற்க இடமிருந்தது.
"பரவாயில்லை மிஸ், தாங்ஸ்"
என்றபோதே அழைப்பு அறுந்தது.

பதினொன்று நாற்பத்தொன்று.
நாற்பது கேள்விக்குப் பத்தொன்பது நிமிடம்.
நேரத்தை நீட்டப் போனேன்.
இச்செயலைச் செய்ய
உங்களுக்கு அனுமதி இல்லை.
நானும் வாசித்தேன், நிதானமாக.

விரிவுரையாளர் இரண்டாம் முறைதான் எடுத்தார்.
"காலமை ஒரு கடிதம் தரச் சொல்லுங்கோ."
நித்திரைக் குரல்.
ஆர் தாறது என்று நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் அவள் தெரிகிறாள்.
ஏழாம் கேள்வி. எட்டு. எட்டிலேயே நான்கு நிமிடம்.
பிறகு பதினொன்று;
ஒன்பதையும் பத்தையும் தாண்டிவிட்டாள்.
இருபத்தாறில் பூட்டியது.

முறைப்பாட்டை மூடுவதற்குப் படிவம் காரணம் கேட்டது.
பயனர் பிழை, சாதனம், இணைப்பு.
நான்காவதாக ஒன்று இல்லை.
மூடாமல் விட்டுக்
கடிதத்தை நானே எழுதத் தொடங்கினேன்.
மேற்படி மாணவியின் பெயர்
பட்டியலில் தவறவிடப்பட்டுள்ளது.
எவ்வளவு வசதியான வினை.
செய்தவர் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.
அழித்தேன்.
தவறவிட்டேன்.
கீழே முழுப்பெயர், முதலெழுத்தோடு.

அச்சிடக் கொடுத்தேன்.
காகிதம் இல்லை என்றது.
பக்கத்து அறையில் இருக்கும்,
பூட்டியிருக்கிறது,
திறப்பு காவலாளியிடம்.
எழுந்து போனேன்.