பேட்டரியோடு எவ்வளவு?

பெட்டியில் அச்சடித்திருந்தது ஒன்றே முக்கால் கிலோ.
"பேட்டரியோடு எவ்வளவு?" என்றேன்.
கோத்தகிரி கடைவீதியில்
இதுவரை யாரும் கேட்கவில்லை போலும்.
செல்வநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
பக்கத்துக் கடையில் கேரட் நிறுக்கும் தராசை
இரவல் வாங்கி வந்தார்.
இரண்டு கிலோ நானூற்றைம்பது.

எழுநூறு கிராம்.
என் இடது தோளின் கணக்கில்
அது ஒரு ராத்திரித் தூக்கம்.

சந்தேகப்பட எனக்கு உரிமை உண்டு.
இருபத்திரண்டு வருடம்
தேயிலை ஆலை வாசலில் பச்சை இலை நிறுத்தவள்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு மூன்று,
மழை நாளில் ஐந்து
என்று கழித்துக் கழித்து எழுதியவள்.
எடையும் தெரியும், எடைக்குள் நடக்கும்
சின்னத் திருட்டும் தெரியும்.

கையை நீட்டிப் பிடித்து நூறு வரை எண்ணினேன்.
ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து பார்த்தார்கள்.
அறுபத்து மூன்றில் தோள் போதும் என்றது.
"நீள அலகு எடுங்க, வேலை சீக்கிரம் முடியும்."
வலியும் சீக்கிரம் வரும், வேண்டாம்.
"சின்ன பேட்டரி போட்டா?"
"எடை குறையும். ஆனா பதினெட்டு நிமிஷம்தான் ஓடும்."
என் தோளும் அவ்வளவுதான் ஓடும்,
பொருத்தம் பார்த்தாயிற்று, கட்டுங்கள் என்றேன்.
குளிருக்குப் போடும் கையுறையோடு
விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு.

ஜனவரி.
பள்ளத்துப் புல்லில் உறைபனி உப்புப் போல.
சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுங்கியது;
இந்தக் குளிரில் சாப்பிடமாட்டேன் என்கிறது பேட்டரி.
கம்பளிக் குல்லாயில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடித்தேன்.
ஒன்பதரைக்கு அதற்குப் பசி வந்தது.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
அதற்குள் பச்சை விளக்கு எரிந்திருந்தது,
அது என் அதிர்ஷ்டம்.

சைப்ரஸ் வேலி, நெஞ்சுயரம்.
அதற்கு மேல் தூக்குவதில்லை என்று
தோளோடு ஒப்பந்தம்.
கீழிருந்து மேலாக, விசிறுவது போல,
வலது கைக்குப் பாரம், இடது கைக்குத் துணை மட்டும்.
பழைய பெட்ரோல் இயந்திரம்
ஊரையே எழுப்பும், என்னைச் செவிடாக்கும்.
இது தேனீக் கூட்டம் தள்ளிப் போவது போல.
அதனால்தான் கேட்டது:
வேலிக்கு அந்தப் பக்கம்
கனமான ஒரு மூச்சு.

காட்டெருமை.
விசையை விட்டேன். அசையவில்லை.
அதுவும் அசையவில்லை.
பிறகு அது இருமியது.

ஹாலன்.
அரை ஏக்கர் தேயிலைக்காரர்.
ஆலை வாசலில் பதினோரு வருடம்
என் தராசுமுன் நின்றவர்,
ஒரு நாளும் சண்டை போடாதவர்,
ஒரு நாளும் என்னோடு பேசாதவர்.

"என்ன அது, குடுங்க பாக்கலாம்."
பேட்டரியைக் கழற்றப் போனேன்.
"அதோடயே குடுங்க."
வேலிக்கு மேலாக நீட்டினேன்.
ஒரு கையில் வாங்கி, கண்ணை மூடி,
மணிக்கட்டை இரண்டு முறை ஏற்றி இறக்கினார்.
"ரெண்டு கிலோ. மேல ஒரு கைப்பிடி இலை."
கடைத் தராசு இரண்டு கிலோ நூறு என்றிருந்தது.

"சரியா சொன்னீங்க."
"எப்பவும் சரியாத்தான் சொன்னேன், கிளார்க்கம்மா.
ஈரத்துக்குக் கழிச்சாச்சா?"

சிரித்தாரா என்று பனியில் தெரியவில்லை.
திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்சத்தை வெட்ட ஆரம்பித்தேன்,
பாதியில் நின்றது. பதினெட்டு நிமிடம்.
அலகின் பிசினைத் துடைத்து, எண்ணெய் இட்டு,
உறை மாட்டி, பேட்டரியைத் தனியே எடுத்து
குல்லாயில் வைத்தேன்.
வேலி படிக்கட்டு மாதிரி நின்றது, பாதி உயரம், பாதி தாழ்வு.

மறுநாள் அவர் பக்கமாகப் போய் நின்று வெட்டினேன்,
கேட்காமலே,
பேட்டரி எட்டிய தூரம் வரை.
பதினொன்றாவது நிமிடம் தோள் கெஞ்சியது.
ஏழு நிமிடம் அதற்குக் கழிக்கவில்லை.